கழுவிய விசைப்பலகையும் சொல்ல வேண்டிய பழுதும்



இயந்திர விசைப்பலகை என்ற பெயர் நம்மில் பலருக்குப் புதிதாக இருக்கலாம், பொருள் புதிதன்று. டி.டி.பி. கடைகளிலும் வங்கிக் கவுண்ட்டர்களிலும் ‘டக், டக்’ என்று ஓசை எழுப்பியபடி கிடந்த கனமான கீபோர்டை நினைவுகூர்ந்தால் போதும். நம் நாட்டில் அவ்வகையில் பெரும்பாலோர் கண்டது டி.வி.எஸ். கோல்டு. இன்று மலிவாகக் கிடைக்கும் விசைப்பலகைகளில் எல்லா விசைகளுக்கும் அடியில் ஒரே ரப்பர் விரிப்புத்தான் இருக்கும். இதிலோ ஒவ்வொரு விசைக்கும் தனித்தனியே ஒரு சிறு பெட்டி. அதற்குள் ஒரு சுருள்வில், ஒரு மின்தொடுப்பு. டி.வி.எஸ். கோல்டில் பல்லாண்டுகளாக இருந்தது ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் செய்த நீலநிற ஸ்விட்ச். 5 கோடி முறை அழுத்தினாலும் தாங்கும் என்பது அந்நிறுவனத்தின் கணக்கு. ஆகவே மேலே எவ்வளவு அழுக்கு ஏறியிருந்தாலும் உள்ளே உயிர் இருக்கும். பழைய விசைப்பலகையை வாங்கித் துலக்கி விற்பது ஒரு பிழைப்பாக இருப்பதற்குக் காரணம் அதுவே.

என் தங்கை மகன் அந்தப் பிழைப்பில் இறங்கியது விருப்பத்தினால் அன்று. அவன் பணிபுரிந்த நிறுவனம் சென்ற ஆண்டு ஆள்குறைப்புச் செய்தது; அவன் பெயரும் பட்டியலில் இருந்தது. மனைவி, இரண்டு பிள்ளைகள், மாதம் பிறந்தால் வாடகை. நேர்காணல்களுக்கு இடையே வெறுமனே இருக்க மனமின்றி, ரிச்சி தெருவை ஒட்டிய மீரான் சாகிபு தெருவின் பழைய பொருள் குவியல்களிலிருந்து 5, திருவல்லிக்கேணியில் மூடப்பட்ட ஒரு டி.டி.பி. கடையிலிருந்து 4 என, மொத்தம் 9 விசைப்பலகைகளை வாங்கி வந்தான். ஒன்றின் விலை 300 ரூபாய். அவனுடைய வீட்டில் இடமில்லை. வேலை எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நடந்தது. அச்சகத்தில் 22 ஆண்டுகள் மெய்ப்புப் பார்த்து ஓய்ந்த எனக்கும் பொழுது இருந்தது.

டி.டி.பி. கடையிலிருந்து வந்தவற்றுள் ஒன்றைப் பற்றியே இங்கே எழுதுகிறேன். அதைச் செய்தித்தாளின்மேல் கவிழ்த்துத் தட்டியபோது முறுக்குத் தூள், ரொட்டித் துணுக்கு, துருப்பிடித்த ஸ்டேப்ளர் ஊசி, நரைத்த தாடி மயிர், கரப்பான் பூச்சியின் கால் ஆகியவற்றோடு இரண்டு எலிப் புழுக்கைகளும் விழுந்தன. மாடிக்கு வற்றல் காயவைக்க வந்த உம்மா பார்த்துவிட்டார். “தொழுகிற வீட்டுக்குள்ளே இதையெல்லாம் கொண்டு வரலாமா?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அழுக்கு வேறு, நஜீஸ் வேறு என்பதை நம் பிள்ளைகள் மதரஸாவின் முதல் வகுப்புகளிலேயே படித்துவிடுகிறார்கள். தூசும் வியர்வையும் மனித மயிரும் தின்பண்டத் துணுக்கும் அருவருப்பாக இருக்கலாம். அவை நஜீஸ் அல்ல. எலிப் புழுக்கையோ, எங்கள் குடும்பம் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின்படி நஜீஸ்தான். இவ்வளவையும் நான் விளக்கி முடிப்பதற்குள் உம்மா ஒரு பழைய பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுவந்து வைத்தார். அதைத் தவிர வேறு வாளியைத் தொடக்கூடாது. ஒளு எடுக்கும் குழாயடியில் கழுவக்கூடாது. கடைசியில் ஓடும் நீரில் அலச வேண்டும். சட்டம் பேசியது நான். தீர்ப்புச் சொன்னது அவர்.

துலக்கும் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். வீட்டில் பழைய விசைப்பலகை வைத்திருப்போருக்குப் பயன்படும். முதலில் விசைகளின் வரிசையைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ள வேண்டும். 104 விசை மூடிகளையும் கழற்றிவிட்ட பிறகு எது எங்கே இருந்தது என்ற ஐயம், நாள்தோறும் தட்டச்சுச் செய்பவருக்கும் வரும்; விரல்களுக்குத் தெரிந்திருப்பது கண்களுக்குத் தெரிவதில்லை. மூடிகளைக் கழற்றுவதற்கென்றே கம்பி வளையம் வைத்த சிறு கருவி கிடைக்கிறது. அதை இருபுறமும் கொடுத்து நேர்மேலாக இழுக்க வேண்டும். சாய்த்து நெம்பினால் அடியிலுள்ள தண்டு முறியும். இடைவெளி விசை, என்டர், ஷிஃப்ட் ஆகிய நீண்ட விசைகளுக்கு அடியில், அவை ஒருபக்கம் சாயாமல் இருக்க ஒரு கம்பி கோத்திருக்கும். அவற்றைப் பொறுமையாகவே எடுக்க வேண்டும்.

கழற்றிய மூடிகளை வெதுவெதுப்பான நீரில், பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் விட்டு, ஓரிரு மணி நேரம் ஊறவைத்தால் போதும். பெரும்பாலான மூடிகள் ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக்கினால் ஆனவை. கொதிநீர் ஊற்றினால் கோணிப்போகும். நகப்பூச்சைத் துடைக்கும் அசிட்டோனை அருகிலும் கொண்டுபோகக் கூடாது. அது அந்தப் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். ஊறியபின் பழைய பல்தூரிகையால் நான்கு பக்கங்களையும் தேய்க்க வேண்டும். மேற்புறத்தைவிடப் பக்கவாட்டில்தான் அழுக்குப் பிசின்போல் ஒட்டியிருக்கும். பிறகு துணியில் பரப்பி ஓர் இரவும் ஒரு பகலும் உலரவிட வேண்டும். மூடியின் உட்புறத் தண்டின் குழியில் ஒரு துளி நீர் தங்கினாலும் அது நேரே ஸ்விட்சுக்குள் இறங்கும்.

பலகையின் உடலை நனைக்கலாகாது. மென்மையான தூரிகை, காற்றூதி, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தொட்ட பஞ்சுக்குச்சி, இவ்வளவே. ஸ்விட்சுக்குள் தையல் இயந்திர எண்ணெய் விடச் சொல்லும் அறிவுரைகள் உலவுகின்றன. எண்ணெய் தூசியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சில மாதங்களில் விசை இன்னும் மோசமாகும். ஆல்கஹால் என்ற பெயரைக் கேட்டு உம்மா முகம் சுளித்தார். இது குடிக்கும் வகையன்று, நச்சு, மருத்துவமனையில் ஊசி போடுமுன் தடவுவது என்று சொன்ன பிறகும், அந்தப் புட்டியை மாடியிலிருந்து கீழே கொண்டுவர அவர் ஒப்பவில்லை. அதில் வாதாட நான் விரும்பவில்லை.

மறுநாள் மாலை மூடிகளைத் திரும்பப் பொருத்தும்போதுதான் அந்தப் பலகையில் உழைத்த மனிதரை நாங்கள் அறிந்துகொண்டோம். பெயரோ முகமோ தெரியாது. ஆனால் அவர் தமிழில் மட்டுமே தட்டச்சுச் செய்தார் என்பதும், தமிழ்99 முறையில் செய்தார் என்பதும் ஐயத்துக்கிடமின்றித் தெரிந்தன. ஆங்கிலம் தட்டச்சுச் செய்யும் பலகையில் முதலில் தேய்வது அவர்களுடைய அகரவரிசையின் ஐந்தாம் எழுத்து. இதில் அது ஏறக்குறையப் புதிதுபோல் சொரசொரப்பாக இருந்தது. தமிழ்99இல் அவ்விடம் ‘ஊ’. ஆங்கிலத்தில் அரிதாகவே வரும் ‘க்யூ’ விசை, கண்ணாடிபோல் மின்னியது, அது ‘ஆ’. ஆங்கிலத்தில் நடுத்தரமாகவே பயன்படும் ‘எஃப்’ விசையில் வழிகாட்டும் சிறு மேடுகூடத் தேய்ந்திருந்தது, அது புள்ளி. அரைப்புள்ளிக் குறியின் மேல் பள்ளம் விழுந்திருந்தது, அது ‘ந’. ஆங்கிலக்காரர் வாரத்துக்கு ஒருமுறைகூடத் தொடாத இடப்பக்கச் சதுர அடைப்புக்குறி விசையில் எழுத்தே அழிந்துபோயிருந்தது, அது ‘ச’. ‘இஸட்’ மட்டும் கடையிலிருந்து வந்த நாள்போல் இருந்தது. அது ‘ஔ’.

1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி அந்த விசையமைப்பு அரசின் ஏற்பைப் பெற்றபோது, நான் பணிபுரிந்த அச்சகத்தில் யாரும் அதை விரும்பவில்லை. எல்லோரும் பழைய தட்டச்சுப் பொறி முறையில் கை பழகியவர்கள். ஆயினும் புதிதாக வந்த இளைஞர்கள் அதில் விரைந்தார்கள். உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழுந்துவிடும். ‘க’வை இருமுறை தட்டினால் ‘க்க’. இந்தச் சிறு வசதியைச் சொல்லிவைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

மருமகனுக்கு அந்த மினுக்கம் கவலை தந்தது. இன்னும் அழுத்தித் தேய்த்தால் போகுமா என்று கேட்டான். போகாது. அது ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு அன்று. பிளாஸ்டிக்கின் சொரசொரப்பு விரல் பட்டுப் பட்டு இழைக்கப்பட்ட நிலை. அழுக்கைக் கழுவலாம், தேய்மானத்தைக் கழுவ முடியாது. வாங்க வருபவர் கண்ணில் படுவதுதானே, அதைப் பற்றிச் சொல்லவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம் என்றேன்.

கண்ணில் படாத ஒன்று இருந்தது. அவன் ஒவ்வொரு பலகையையும் ஆங்கில எழுத்துகளைத் தட்டிச் சோதித்து ‘நன்று’ என்று சுண்ணக்கட்டியால் குறித்து வைத்திருந்தான். நான் தமிழில் சோதித்தேன். ‘பசி’ என்று தட்டினேன். ‘பச்சி’ என்று வந்தது. ‘காசு’ என்றேன், ‘காச்சு’ என்றது. எல்லா நேரமும் அன்று. பத்தில் இரண்டு முறை. ‘ச’ விசையை ஒருமுறை அழுத்தினால் சில வேளை இருமுறை பதிந்தது. உள்ளே மின்தொடுப்பில் மாசு படிந்தாலோ தேய்ந்தாலோ இப்படி நேரும். தொடுப்பு ஒரே மூச்சில் சேராமல், சேர்ந்து விலகிச் சேரும். ஆங்கிலத்தில் இது எழுத்து இரட்டித்து உடனே கண்ணை உறுத்தும். தமிழ்99இலோ புள்ளி தானாக விழுந்து, பிழை ஒரு சொல்போலவே உடுத்திக்கொண்டு நிற்கும். மெய்ப்புப் பார்த்தவனுக்கு இதைவிடக் கொடிய பிழை வேறில்லை.

ஸ்விட்சின் வாயில் ஒரு துளி ஆல்கஹால் விட்டு நூறுமுறை அழுத்தினோம். சரியானது. இரண்டு நாள் கழித்து மீண்டும் ‘பச்சி’.

அப்போது மருமகன் ஒரு வழி கண்டான். ரிச்சி தெரு மெக்கானிக்குகள் வழக்கமாகச் செய்வதுதான். விசைப்பலகையில் யாரும் தொடாத விசைகள் சில உண்டு. அவற்றுள் தலையாயது ‘ஸ்குரோல் லாக்’. எக்ஸெலில் அதற்கு ஒரு வேலை இருக்கிறது என்பார்கள். தெரிந்தே அதை அழுத்தியவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. பலகையைத் திறந்து, அந்த இடத்து ஸ்விட்சின் பற்றவைப்பை உருக்கி எடுத்து, ‘ச’வின் இடத்தில் வைத்தான். ‘ச’வின் பழுதுபட்ட ஸ்விட்சை ஸ்குரோல் லாக்கின் இடத்தில் வைத்துப் பற்றவைத்தான். ஒரு மணி நேர வேலை. கை நடுங்காமல் செய்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு பக்கம் முழுவதும் ‘ச’ வரும் சொற்களாகத் தட்டிப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை. ஸ்குரோல் லாக்கைத் தட்டினால் விளக்கு எரிந்து, சில வேளை உடனே அணைந்தது. அவ்வளவே.

கழுவி, உலர்த்தி, துடைத்து வைத்த பலகை உண்மையிலேயே அழகாக இருந்தது. 1,400 ரூபாய் என விலை வைத்து, படத்துடன் விளம்பரமும் எழுதினான். அதில் ‘எல்லா விசைகளும் நன்கு இயங்கும்’ என்றிருந்தது. அதைப் படித்துவிட்டுப் பேச்சு வளர்ந்தது.

“மாமா, கெட்டதை எடுத்துவிட்டு நல்லதை வைத்தோம். வாங்குபவர் எழுதும் ஓர் எழுத்துகூடப் பிழையாகாது. அந்த விசையை அவர் வாழ்நாளில் தொடப்போவதில்லை. அவருக்கு எந்த நட்டமும் இல்லாத ஒன்றைச் சொல்லி, விலையைக் குறைத்துக்கொள்ள வேண்டுமா?” என்றான்.

அவன் கேட்டது விதண்டாவாதம் அன்று. நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட நிகழ்ச்சியை நாம் எல்லோரும் ஜும்ஆ மேடைகளில் கேட்டிருக்கிறோம். ஆனால் அங்கே ஈரமான தானியம் வாங்குபவருக்கு நட்டம். இங்கே நட்டம் எங்கே? பழுதான ஸ்விட்சை யாருக்கும் தொல்லை தராத மூலைக்கு அனுப்பியது ஒரு திருத்தமா, ஒளிப்பா? உடனே விடை சொல்ல எனக்கு வரவில்லை. இஷா தொழுகைக்குப் பிறகு எங்கள் பள்ளி இமாமிடம் கேட்டேன். அவர் நீண்ட உரை எதுவும் நிகழ்த்தவில்லை. விற்பனைச் சட்டத்தில் ‘அய்பு’, அதாவது பழுது, என்று எதைச் சொல்வது என்பதற்கு ஃபிக்ஹு நூல்கள் ஓர் அளவுகோல் வைத்திருக்கின்றன: அந்தத் துறை வணிகர்களிடையே எது பொருளின் விலையைக் குறைக்குமோ அது பழுது. வாங்குபவருக்கு அது பின்னர் தெரியவந்தால் பொருளைத் திருப்பித் தரும் உரிமையும் அவருக்கு உண்டு. “நீங்களும் நானும் முடிவு செய்வதற்கில்லை, வணிகரிடம் கேளுங்கள்” என்றார்.

மறுநாள் மருமகன் தனக்குப் பழக்கமான ரிச்சி தெருக் கடைக்காரர் ஒருவரைக் கைப்பேசியில் அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டான். அவர் சிரித்துக்கொண்டே, “சொன்னீங்கன்னா ஒரு நூறு ரூபா கொறையும் தம்பி. சொல்லலேன்னா யாருக்குத் தெரியப்போவுது?” என்றார்.

மருமகன் என்னைப் பார்த்தான். அவரது முதல் வாக்கியத்தில் எங்களுக்குத் தேவையான விடை இருந்தது.

அருகில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த உம்மா, என் வாப்பாவைப் பற்றிச் சொன்னார். வாப்பா கைலி வியாபாரி. தறியில் இழை அறுந்து கோடு விழுந்த கைலிகள் கட்டுக்கு ஒன்றிரண்டு வரும். மற்றக் கடைகளில் கோடு உள்ளே போகும்படி மடிப்பார்கள். வாப்பா கோடு மேலே வரும்படி மடித்து, தனி அடுக்கில் வைத்துக் குறைந்த விலைக்குக் கொடுப்பாராம். கடைப் பையன் தெரியாமல் மாற்றி மடித்துவிட்டால், வாப்பாவே உட்கார்ந்து பிரித்து மறுபடி மடிப்பாராம். எனக்கு அந்தத் தனி அடுக்கு நினைவிருக்கிறது. அது ஏன் தனியே இருந்தது என்பது இந்த வயதில்தான் தெரிந்தது.

மருமகன் ‘எல்லா விசைகளும் நன்கு இயங்கும்’ என்ற வரியை நீக்கினான். ‘அடைப்புக்குறி விசையின் ஸ்விட்ச் மாற்றப்பட்டது, ஸ்குரோல் லாக் சில வேளை இருமுறை பதியும்’ என்று சேர்த்தான். அதையே ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பலகையின் அடியிலும் ஒட்டினான்.

முதலில் பேசி முடித்திருந்த கல்லூரி மாணவர் புதிய வரியைப் படித்துவிட்டு வேண்டாம் என்றார். மருமகன் அன்று மாலை வரை என்னிடம் பேசவில்லை. அந்த மாதம் வாடகைக்கு 1,400 ரூபாய் என்பது எவ்வளவு பெரிய தொகை என்று எனக்குத் தெரியும். அவனைக் குறைசொல்ல மாட்டேன். அடுத்த பதினொரு நாள் யாரும் வரவில்லை. பிறகு, நீதிமன்ற ஆவணங்களை வீட்டிலிருந்தே தட்டச்சுச் செய்து தரும் ஒரு பெண்மணி வந்தார். அமர்ந்ததும் தமிழ்99இல் இரண்டு வரி அடித்தார். நாங்கள் சொல்லுமுன்பே ‘க்யூ’வின் மினுக்கத்தைப் பார்த்து, “யாரோ நம்ம ஆள் உழைத்த பலகை” என்றார். துண்டுத் தாளைப் படித்தார். எந்த ஸ்விட்ச் எங்கே போனது என்று கேட்டார், சொன்னோம். ‘ச’வை மட்டும் ஐம்பது முறைக்கு மேல் தட்டிப் பார்த்துவிட்டு, 1,200 தருவதாகச் சொன்னார். மருமகன் 1,250 கேட்டான். அதற்கு முடிந்தது. புறப்படும்போது, இதேபோல் இன்னொன்று இருந்தால் தன் தோழிக்கும் வேண்டும் என்றும், ஸ்குரோல் லாக் எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

இருக்கிறது. ஆனால் அதில் எப்போதோ தேநீர் கொட்டி, சர்க்கரை இறுகி, இடைவெளி விசை கீழே போனால் மேலே வர மறுக்கிறது. மூடிகள் இப்போது வாளியில் ஊறிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பலகையில் மின்னுவது எந்த விசை என்று கழுவிய பிறகுதான் பார்க்க வேண்டும்.